கண்ணிருந்தும் காணாதவர்

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று, பிறவிக் குருடன் பார்வை பெற்ற வரலாறு நமது ஆலயங்களில் வாசிக்கப்படுவதுண்டு. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் முழுவதும் அதுவே. மூன்றாண்டு வாசக ஒழுங்கில் அது முதலாம் ஆண்டுக்கு உரியது. ஆயினும் பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் பெற ஆயத்தஞ் செய்வோர் உள்ள பங்குகளில் எந்த ஆண்டிலும் அதனை வாசிக்கலாம். நீண்ட வாசகம், 41 வசனங்கள். நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கையில் வயது போனவர்களுக்குக் கால் உளையும். சிறு பிள்ளைகள் தாயின் சேலையில் சாய்ந்துவிடுவர். குருடனுக்குக் கண் தெரிந்துவிட்டது, புதுமை முடிந்துவிட்டது, பிறகும் ஏன் இத்தனை பேச்சு என்று நம்மில் சிலர் எண்ணியிருக்கவும் கூடும்.

அந்த எண்ணத்தையே பிடித்துக்கொண்டு இவ்வதிகாரத்தைப் படிப்போம். புதுமை முதல் 7 வசனங்களில் முடிந்துவிடுகிறது. மீதி 34 வசனங்களில் பெரும்பகுதி விசாரணையும் வாக்குவாதமுமே. அதுமட்டுமன்று, 8ஆம் வசனம் முதல் 34ஆம் வசனம் வரை இயேசு அங்கே இல்லை. அவர் எங்கே என்று கேட்கிறார்கள், தெரியாது என்கிறான். ஆண்டவர் இல்லாத அந்த இடைவெளியில், புதிதாகக் கண் பெற்ற ஒருவனைச் சுற்றி நின்று, பிறந்தநாள் முதல் கண்ணுள்ள பலர் பேசுகிறார்கள். அந்தப் பலரில் ஒருவராவது அவனைப் பார்த்தாரா? யோவான் நம் முன் வைக்கும் கேள்வி இதுதான்.

யார் செய்த பாவம்?

முதல் வசனத்தைக் கவனியுங்கள். இயேசு வழியே போகையில் ஒரு மனிதனைக் கண்டார். அவன் கூப்பிடவில்லை. எரிக்கோவில் இருந்த பர்த்திமேயுவைப் போல உரத்துக் கத்தவுமில்லை. காண முடியாத ஒருவன், தன்னை ஒருவர் காண்கிறார் என்பதை அறியாமலே இருந்தான். சீடரும் அதே வழியால்தான் போனார்கள். ஆனால் அவர்கள் கண்டது மனிதனை அல்ல, ஒரு கேள்வியை. இவன் குருடனாகப் பிறந்தது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று குருவிடம் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வி அவன் காதிலும் விழுந்திருக்கும். கண் தெரியாதவனுக்குக் காது கூர்மை. அவன் முன்னிலையிலேயே, அவன் அங்கே இல்லாதது போல, அவன் பிறப்பைப் பற்றி ஒரு மறைக்கல்வி ஆராய்ச்சி நடக்கிறது.

இது நமக்குப் பழக்கமில்லாத பேச்சா? நம் ஊர்களில் ஊனத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், ஆசுப்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் வீடு வந்து சேருமுன்னரே பேச்சு ஒழுங்கை முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். "பெத்ததுகள் என்ன பாவஞ் செய்ததுகளோ." ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு தவறாமல் நன்மை வாங்கும் வாய்களிலிருந்தும் இது வருகிறது. அதன் விளைவு என்னவென்று அந்தப் பெற்றோருக்குத் தெரியும். அவர்கள் இருவரும் சேர்ந்து பூசைக்கு வருவதில்லை. ஒருவர் காலைப் பூசைக்கு, மற்றவர் மாலைப் பூசைக்கு. பிள்ளை உள்ளறையில் வளர்கிறது. திருவிழாவுக்குப் புதுச் சட்டை தைத்து, அதையும் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பார்க்கிறார்கள். பங்கிலே அப்படி எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துப் பாருங்கள். நீங்கள் நினைப்பதிலும் கூடுதலாக இருக்கும்.

இயேசு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அதை மூடிவிட்டார். இவனும் பாவஞ் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார். கடவுளின் செயல் வெளிப்படும் இடம் இவன் என்றார். உடனே குனிந்து தரையில் உமிழ்ந்து சேறு குழைத்து அவன் கண்களில் பூசினார். மண்ணினால் மனிதனை வனைந்த அதே கை இங்கே குறைவேலையை முடிக்கிறது என்று 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித இரேனேயு விளக்கினார். மனுக்குலம் முழுவதுமே இந்தக் குருடன் என்பது புனித அகுஸ்தீனாரின் விளக்கம்.

பின்பு அவனைச் சீலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவச் சொன்னார். அந்தப் பெயருக்கு 'அனுப்பப்பட்டவர்' என்று பொருள் என்பதை யோவானே எழுதுகிறார். 2004ஆம் ஆண்டு எருசலேமில் கழிவுநீர்க் குழாய் திருத்தும் வேலை நடந்தபோது அகன்ற கற்படிகள் வெளிப்பட்டன. ஆய்வாளர் தோண்டிப் பார்த்து, அது இயேசுவின் காலத்துச் சீலோவாம் குளமே என்றனர். கண்ணில் சேற்றோடு, தட்டித் தடவி, அந்தப் படிகளில் அவன் இறங்கிய காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பார்வை கிடைக்குமுன்னரே அவன் நடந்துவிட்டான். ஆதித் திருச்சபை ஞானஸ்நானத்தை 'ஒளியூட்டல்' என்று அழைத்ததும், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானோருக்கு இவ்வதிகாரத்தை வாசித்துக் காட்டியதும் காரணமின்றியல்ல.

அவன்தானா இவன்?

குளத்திலிருந்து திரும்பி வந்தவனை முதலில் எதிர்கொள்வோர் அயலவர்கள். இவ்வதிகாரத்தில் நம்மைப் போன்றவர்கள் இவர்களே என்பது என் கருத்து. பரிசேயரை நாம் குற்றஞ் சொல்லிப் பழகிவிட்டோம், அயலவரைக் கவனிப்பதில்லை. அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுகிறது. இருந்து பிச்சை கேட்டவன் இவன்தானே என்கிறார்கள் சிலர். இல்லை, அவனைப் போல வேறொருவன் என்கிறார்கள் மற்றவர்கள். நான்தான் அவன் என்று அவனே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறந்தநாள் தொட்டு அதே ஊரில் இருந்தவன். அவர்கள் நாள்தோறும் அவனைக் கடந்து போனவர்கள். அப்படியிருந்தும் அவனை அடையாளங் காண முடியவில்லை. ஏன்? அவர்கள் இதுவரை அவன் முகத்தைப் பார்த்ததில்லை. நீட்டிய கையைப் பார்த்தார்கள், அமர்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்கள், காசையும் போட்டிருப்பார்கள். கை மடங்கி, இடம் மாறி, அவன் எழுந்து நடந்தவுடன் அவர்களுக்கு அவன் அந்நியனாகிவிட்டான்.

தருமம் செய்தும் குருடராக இருக்கலாம் என்பது எவ்வளவு கடினமான செய்தி! தவக்காலத்தின் மூன்று தூண்கள் செபம், நோன்பு, தருமம் என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். தவக்கால உண்டியலில் காசு போட்டால் மூன்றாவது தூண் நின்றுவிட்டது என்று ஒரு நினைப்பு. போடத்தான் வேண்டும், அந்தப் பணத்தால் அடுப்பெரியும் வீடுகள் உண்டு. ஆனால் போட்டவர் யாரையும் காணாமலே போட்டுவிட்டுப் போகவும் உண்டியலில் வசதி இருக்கிறது.

அவனுடைய பெற்றோரும் வருகிறார்கள். இவன் எங்கள் மகன், குருடனாய்ப் பிறந்தான், அவ்வளவுதான் தெரியும், வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று கைகழுவிவிடுகிறார்கள். செபக்கூடத்திலிருந்து தள்ளி வைத்துவிடுவார்களோ என்ற பயம். மகன் முதன்முதலாகத் தங்கள் முகத்தைப் பார்த்த நாள் அது. அந்த நாளில் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது சபைத் தலைவர்களின் முகத்தை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊரோடு ஒத்துப் போகவேண்டும் என்ற பயம் எவ்வளவு பாரமானது என்பது நாமறிந்ததே.

பரிசேயருக்கோ ஓய்வுநாள்தான் முக்கியம். சேறு குழைப்பது அந்த நாளில் தடைசெய்யப்பட்ட வேலை. விசாரணை நீள நீள அவர்களுடைய பார்வை மங்குகிறது. குருடனாயிருந்தவனின் பார்வை துலங்குகிறது. முதலில் இயேசு என்னும் மனிதர் என்கிறான் (9:11). பிறகு இறைவாக்கினர் என்கிறான் (9:17). பிறகு கடவுளிடமிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடுகிறான் (9:33). ஈற்றில் விசுவசித்துப் பணிகிறான் (9:38). கண் திறந்தது ஒரு நொடியில். ஞானக்கண் திறக்க ஒரு நாள் முழுவதும், அதுவும் அவமானப்பட்டு வெளியே தள்ளப்பட்டபின், ஆனது. தள்ளினார்கள் என்று கேள்விப்பட்ட இயேசு அவனைத் தேடிக் கண்டுகொள்கிறார். அதிகாரத்தின் தொடக்கத்தில் கண்டவரும் அவரே, கடைசியில் கண்டவரும் அவரே.

படலையடியில் கிடந்தவன்

தவக்காலத்தின் இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை, லூக்கா 16ஆம் அதிகாரத்திலிருந்து செல்வனும் லாசரும் பற்றிய உவமை வாசிக்கப்படுகிறது. வார நாள் பூசைக்குப் போகாதவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். வீட்டிலே எடுத்து வாசியுங்கள்.

அந்தச் செல்வன் லாசரை அடித்தான் என்று எழுதவில்லை. விரட்டினான் என்றும் எழுதவில்லை. படலையடியில் கிடக்க விட்டான். தினமும் அந்தப் படலையால்தான் வெளியே போனான், உள்ளே வந்தான். லாசருடைய புண்ணை நக்க நாய்கள் வந்தன. நாய்களுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை என்று சொல்லலாமென்றால், அங்கேதான் ஒரு திருப்பம். இறந்து வேதனைப்படும் இடத்திலிருந்து அவன் ஆபிரகாமைக் கூப்பிட்டு, லாசரை அனுப்பும் என்கிறான். பெயர் சொல்லிக் கேட்கிறான்! அப்படியானால் படலையடியில் கிடந்தவன் யார் என்பது அவனுக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தும் காணவில்லை. இன்னொன்று: அந்த இடத்திலும் லாசரை அவன் எப்படிப் பார்க்கிறான்? விரலை நனைத்துத் தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். ஐந்து சகோதரரிடம் செய்தி சொல்ல ஓர் ஆள். ஏவல்காரனாகத்தான். நரகத்தின் நெருப்புக்கூட அந்தப் பார்வையை மாற்றவில்லை.

நமக்கும் பெயர் தெரியும். இன்னாரின் மனைவி, இறுதிப் போரில் கணவனை இழந்தவள் என்று தெரியும். நுண்கடன் எடுத்து, தவணை கேட்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்வளவால் ஓடுகிறாள் என்பதும் தெரியும். அடுத்த வளவில் பெரிய கல்வீட்டில் தனியே இருக்கும் அப்புவின் பிள்ளைகள் கனடாவிலும் சுவிசிலும் என்று தெரியும். காசுக்குக் குறைவில்லை என்றும் தெரியும். அதனாலேயே எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்றும் முடிவுசெய்துவிட்டோம். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். ஏ9 வீதியால் பஸ்ஸில் மடு யாத்திரைக்குப் போன நாமும் அந்தக் கொட்டகையைக் கண்டோம். செபமாலை சொல்லிக்கொண்டு போனோம். ஒரு தடவையாவது இறங்கி, எந்தப் பிள்ளை அம்மா உங்கட பிள்ளை என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் வழி நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ 1000 மீற்றர் இறக்கம். வெறும் பாலை, பாறைக் குடைவுகள். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் குருவும் அவனைக் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியரும் கண்டார். மூவருக்கும் 'கண்டார்' என்ற ஒரே சொல்தான். முதல் இருவரின் கண்ணுக்கும் காலுக்கும் இடையே எதுவும் நடக்கவில்லை. மூன்றாமவருக்கு மட்டும் உள்ளம் உருகியது. அவர் கழுதையிலிருந்து இறங்கினார், எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார், இரண்டு தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாட் சம்பளம், எடுத்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட பார்வைக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு: கண்ணோட்டம். இன்று அதைக் கருத்து, நோக்கு என்ற பொருளில் வழங்குகிறோம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கண்ணோட்டம் என்று சொல்லித் தப்பிக்கவும் செய்கிறோம். முன்னோர் கருதிய பொருள் வேறு. துன்புறுவோரைக் கண்டவிடத்துக் கண் அவர்பால் ஓடி, மனத்தையும் கூடவே இழுத்துச் செல்லும் இரக்கமே கண்ணோட்டம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். இரக்கமில்லாத கண்ணைக் கண்ணென்று கொள்ளாமல், முகத்திலுள்ள காயமாகவே வள்ளுவர் எண்ணினார். அதற்கு எதிர்ச்சொல்லும் நம்மிடம் உண்டு, பாராமுகம். கண் பழுதானவர்க்குப் பாராமுகம் வராது. அது கண்ணுள்ளவர்க்கே வரும் நோய். 2005இல் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற் எழுதிய 'கடவுள் அன்பாயிருக்கிறார்' என்னும் சுற்றுமடலில், கிறிஸ்தவ அன்புப் பணியின் திட்டம், தேவை எங்கே என்று பார்க்கத் தெரிந்த இதயமே என்ற கருத்து வருகிறது. கண்ணோட்டத்தைத்தான் அவரும் சொல்கிறார்.

மரங்களைப் போல மனிதர்

மாற்கு நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு குணப்படுத்துகிறார். சிறிய பகுதி, ஐந்தே வசனங்கள். கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், கண்களில் உமிழ்ந்து, கை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்று அவன் சொல்கிறான். இயேசு மறுபடியும் கை வைக்கிறார். அப்போதுதான் எல்லாம் தெளிவாகிறது. ஆண்டவரின் கை ஒருமுறை பட்டபின்னும் பார்வை பாதியிலேயே நிற்கக் கூடும் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் ஒரே புதுமை இது.

இதை அடுத்தே, நீர் கிறிஸ்து என்று பேதுரு அறிக்கையிடுவதும், பாடுகளைப் பற்றி இயேசு மூன்று முறை முன்னறிவிப்பதும், சீடர் ஒவ்வொரு முறையும் விளங்காமல் நிற்பதும் வருகின்றன. அப்பகுதி எரிக்கோவில் பர்த்திமேயு பார்வை பெறுவதோடு முடிகிறது. இரண்டு குருடருக்கு இடையில் பன்னிரு சீடரை மாற்கு நிறுத்தி வைத்திருக்கிறார். அவர்களும் பாதிப் பார்வைக்காரர்.

மனிதரை மரமாகப் பார்ப்பது எப்படி? மரத்தைப் பார்த்தால், இது என்ன சாதி மரம், நிழலுக்கா, விறகுக்கா, காய்க்குமா என்று கேட்போம். பூசைக்குப் புதிதாக ஒருவர் வந்து பின்வாங்கில் இருந்தால், முடிந்து வெளியே வந்ததும் நம்மவர் ஒருவர் அருகே போவார். "தம்பி, ஊரிலை எந்தப் பக்கம்?" இது இடம் அறியக் கேட்கும் கேள்வியல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். பதில் கிடைத்தவுடன் பார்வை மாறும். தேத்தண்ணீருக்குக் கூப்பிடுவதா இல்லையா என்பது அந்த நொடியில் தீர்மானமாகிவிடும். நன்மை வாங்கிய நா உலருமுன் நடக்கும் காரியம். பிறவிக் குருடனின் நற்செய்தி வாசிக்கப்படும் அதே ஞாயிறு, முதல் வாசகமாக 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம் வருகிறது. ஈசாயின் மூத்த மகன்களின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு சாமுவேல் ஏமாறுகிறார், ஆடு மேய்க்கப் போன கடைசிப் பிள்ளையை வீட்டார் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த வாசகத்தை வாசிப்பவரும், கேட்பவரும், முற்றத்தில் நின்று 'எந்தப் பக்கம்' என்று விசாரிப்பவரும் ஒரே பங்கு மக்கள்தான்.

கஞ்சி கொண்டுபோன பெண்

நமது யாழ்ப்பாணத் திருச்சபையின் கதையிலும் இப்படியொரு பார்வை இருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின் கத்தோலிக்க குருமாருக்கு இங்கே இடமில்லாது போயிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள், யோவான் என்ற இளைஞனைத் துணையாகக் கொண்டு, ஏழைக் கூலியாளின் வேடத்தில் இங்கு வந்து சேர்ந்தார். வந்தவுடன் கடும் வயிற்றோட்டம் பிடித்தது. தொற்றிவிடுமென்று பயந்தவர்கள் இருவரையும் குடியிருப்புக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்றும், ஒரு பெண் அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து உயிர் தப்பச் செய்தாள் என்றும் அடிகளின் சரித்திரத்தை எழுதியோர் கூறுகின்றனர்.

சற்று நில்லுங்கள். அவள் யாருக்குக் கஞ்சி கொடுத்தாள்? இலங்கையின் அப்போஸ்தலருக்கா? அவள் கண்டது கந்தலுடுத்து, நாற்றத்தோடு கிடந்த இரண்டு பரதேசிகளை. தாம் குருவானவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடிய நிலையில் அவரும் இல்லை. ஊர் முழுவதும் கண்டு விலகியதையே அவளும் கண்டாள். பானையை அடுப்பில் வைத்தாள். சில்லாலையில் மறுபடி எழுந்த பூசையும், கண்டியிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் பரவிய திருமறைப் பணியும், அந்தக் கஞ்சியில் தங்கிய உயிரால் நடந்தவை. அவளுக்கு நம் நாட்காட்டியில் திருநாள் இல்லை.

பத்தாண்டுகள் கழித்து 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் வசதியுள்ளோரும் நகரைவிட்டு அகன்றார்கள். நோயாளிகள் வீடுகளிலும் காட்டோரங்களிலும் கைவிடப்பட்டார்கள். வாஸ் அடிகளும் அவருடைய உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளும் கொட்டில்கள் அமைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்று வேறுபாடு பார்க்கவில்லை. குடியிருப்புக்கு வெளியே தள்ளப்பட்டுக் கிடந்த ஒருவருக்கு, வெளியே தள்ளப்பட்டவர்கள் எங்கே கிடப்பார்கள் என்று தெரிந்திருந்தது. 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து, போரினால் துன்புற்ற மக்கள் நடுவே செபித்தார்.

வீட்டிலே செய்யக் கூடியது

நமது தவ முயற்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். இறைச்சி இல்லை. அதற்குப் பதிலாக நண்டுக் கறியும் இறால் பொரியலும் இருந்தால், திருச்சபையின் சட்டம் மீறப்படவில்லைதான். ஆனால் இசையாஸ் இறைவாக்கினர் 58ஆம் அதிகாரத்தில் கேட்கும் நோன்பு அதுவல்ல. பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவனை ஏற்பதும், சொந்த உறவுக்கு முகத்தை மறைக்காமலிருப்பதும்தான் அவர் சொல்லும் நோன்பு. விபூதிப் புதனுக்கு அடுத்து வரும் வெள்ளியன்று அது வாசிக்கப்படுகிறது. தவக்காலத் தவம் உள்ளத்தோடும் தனிமனிதனோடும் நின்றுவிடாமல் வெளிப்படையானதாகவும் சமுதாயத்துக்குரியதாகவும் இருக்க வேண்டுமென்று 2ஆம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டில் கேட்டுக்கொண்டது. மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்படி செய்யுங்கள். முடிந்தால் அவர்கள் கையாலேயே, ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்யுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பி ஓடிவராமல், ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரமாவது அங்கே இருக்கட்டும்.

வெள்ளி மாலைச் சிலுவைப்பாதையில் ஆறாம் தலத்தில் வெரோணிக்கம்மாள் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைக்கிறாள். முழங்காலிலிருந்து அழுகிறோம். பக்கத்து வாங்கில் இருப்பவரின் முகத்தையும் அன்று ஒருமுறை பாருங்கள். போன கிழமை இருந்தவர் இன்று ஏன் வரவில்லை என்று பாருங்கள். ஆலயத்தைக் கூட்டும் அம்மாவின் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? சவக்காலையில் குழி வெட்டுபவரின் பெயர்? உவமையிலே செல்வனுக்குப் பெயரில்லை, ஏழைக்குப் பெயருண்டு. நம் வீடுகளில் அது தலைகீழாக இருக்கிறது.

உள்ளறையில் பிள்ளையை வளர்க்கும் வீடு உங்கள் அயலில் இருந்தால், புத்தி சொல்லப் போகாதீர்கள். புதுமைக்குச் செபம் சொல்லித்தரவும் போகாதீர்கள். பிள்ளையின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். குருத்து ஞாயிறன்று தாயும் தகப்பனும் பிள்ளையோடு ஒன்றாகக் கோவிலுக்கு வர உங்கள் ஓட்டோவில் இடமிருக்கிறது என்று சொல்லுங்கள். ஊர் பார்க்குமே என்று அவர்கள் தயங்கினால், முன்வாங்கில் நீங்களும் கூட இருப்பதாகச் சொல்லுங்கள்.

இந்தக் கிழமை குடும்ப செபத்தின்போது யோவான் 9ஆம் அதிகாரத்தை மூன்று மாலைகளாகப் பிரித்து வாசிக்கலாம். முதல் மாலை 1 முதல் 12 வரை. வாசித்தபின் வீட்டில் மிகச் சின்னவரிடம், அந்தக் குருடனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேளுங்கள். இரண்டாம் மாலை 13 முதல் 34 வரை. இதைத் தகப்பன் வாசிப்பது நல்லது, பெற்றோர் பேசும் இடத்தில் தாய் வாசிக்கட்டும். மூன்றாம் மாலை 35 முதல் 41 வரை. அன்று விளக்கம் வேண்டாம். வாசித்து முடிந்ததும், அந்தக் கிழமை கடந்துபோன ஒருவரின் பெயரை ஒவ்வொருவரும் சொல்லி, அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், எந்த ஒழுங்கை, எந்தப் படலை என்று சொன்னாலும் போதும். அடுத்த நாள் போய்க் கேட்டுக்கொண்டு வரலாம்.